அது பீட்ரூட்தான்

கிள்ளான் பாசாரில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு சீன அக்கா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். கேமரன் மலையிலிருந்து வரும் பீட்ரூட்டை மண் ஒட்டியபடியே குவித்து, மேலே ஒன்றிரண்டை மட்டும் குறுக்காக வெட்டிச் சிவப்பு தெரிய வைத்திருப்பார். என் அத்தை அந்தக் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. ஈரத் தரையும் வாடையுமாக இருக்கும் மீன் கடைகளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேருவார். போன மாதம் பையைத் தூக்கிக்கொண்டு நானும் உடன் போயிருந்தேன். சீன அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டு, "ஆன்டி, பிட் முரா லா ஹாரி இனி" என்று குரல் கொடுத்தார். இன்றைக்குப் பீட்ரூட் மலிவு என்கிறார். அத்தை திரும்பவில்லை. மூட்டு வலியோடு நடக்கிறவர், அந்த இடத்தில் மட்டும் எட்டி நடந்தார். பையோடு நானும் பின்னால் நடந்தேன். அந்தக் கிழங்கைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையே பேச வேண்டியதெல்லாம் ஒரு நாள் பேசி முடிந்துவிட்டது. அதைச் சொல்வதென்றால் மாமாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாமா, அத்தையின் கணவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டியவர். ஈப்போ, ஜொகூர், குவாந்தான் என்று போய் வருவார். பருத்த உடம்பு, மெல்லிய குரல். லோரியில் ஏறினால் மலேசியாவையே வளைத்துவிடுவார் என்று நண்பர்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் அத்தை ஒரு வார்த்தை உயர்த்திப் பேசினால் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அத்தை என் அப்பாவின் அக்கா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கும் வேலை. ஊசி குத்திய அளவு ஓட்டையும் அத்தை கண்ணுக்குத் தப்பாது என்று மேற்பார்வையாளரே சொல்வாராம். அந்தக் கண் வீட்டிலும் ஓயாது. மாமாவின் சட்டையில் சிகரெட் கங்கு பட்ட துளையைக் கொடியில் காயும்போதே கண்டுபிடித்துவிடுவார். என் காற்சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் இருந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு சுங்கை வேயில். அம்மா அப்பா இருவருக்கும் ஷிப்ட் வேலை. அதனால் பள்ளி விடுமுறை என்றால் நான் கிள்ளானில் இருப்பேன். அவர்களுடைய ஒரே மகனும் நானும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். பிறகு அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்குச் சுபாங் ஜெயாவில் அலுவலகம் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் சாப்பிடும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்த வீட்டில் பீட்ரூட் வெறும் பொரியலாகத்தான் இருந்தது. தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்டு அத்தை செய்வார். மாமாவுக்கு அது ஆகாது. வெள்ளைச் சோற்றில் சிவப்பு ஓடிவிடக் கூடாது என்று தட்டின் விளிம்பில் சோற்றாலேயே ஒரு வரப்பு கட்டுவார். "பீட்டு ரூட்டாம். நான் ஓட்டாத ரூட்டு இது ஒண்ணுதான்" என்பார். தமிழ் வகுப்பில் அதற்கு அக்காரக்கிழங்கு என்றொரு பெயர் இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்து, அக்காரம் என்றால் சர்க்கரை என்று நான் ஒரு முறை பெருமையாகச் சொன்னேன். மாமா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "சக்கரை எங்கடா இருக்கு? மண்ணுக்கிழங்குன்னு பேர் வெச்சிருக்கணும்" என்றார். அதன் பிறகு அத்தை வீட்டில் அதற்குப் பேரே மண்ணுக்கிழங்குதான். சிங்கப்பூரிலிருந்து வரும் மகன்கூட, "அம்மா, மண்ணுக்கிழங்கு இருக்கா?" என்றுதான் கேட்பான்.

அத்தை அதை வளர்த்தும் பார்த்தார். வெட்டிய தலைப்பகுதியைப் பழைய பெயிண்டு டின்னில் ஊன்றிப் பின்புறம் வைத்தார். இலை நன்றாகத்தான் வந்தது. சிவப்பு நரம்போடு பளபளவென்று. ஒரு நாள் ஆசையோடு பிடுங்கினால் கீழே எலிவால் கனத்தில் ஒரு வேர், அவ்வளவுதான். கிள்ளான் சூட்டுக்கு அது கிழங்கு வைக்காது, குளிர் வேண்டும் என்று பாசாரில் சீன அக்கா சொன்னார். அத்தை விடவில்லை. இலையைக் கிள்ளி, நெத்திலி போட்டுக் கீரையாக வதக்கிவிட்டார். மாமா அதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாமா ஓய்வு பெற்ற பிறகு கிளினிக்கில் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அத்தைக்கு மாத்திரை மட்டும் போதவில்லை. பழைய தொழிற்சாலைத் தோழி ஒருத்தி, தினமும் வெறும் வயிற்றில் பீட்ரூட் ஜூஸ் குடித்தால் அழுத்தம் இறங்கும் என்று கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மறுநாளே அத்தை ஆரம்பித்துவிட்டார். விடிந்ததும் இரண்டு கிழங்கைத் தோல் சீவி, கொஞ்சம் இஞ்சி சேர்த்து அரைத்து, துணியில் பிழிந்து, பெரிய கப்பில் ஊற்றிக் கொண்டுபோய் மாமா கையில் கொடுப்பார். அத்தையின் விரல்கள் எந்நேரமும் சிவந்தே இருந்தன. மருதாணி போட்டாற்போல என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள். மாமா பின்வாசல் படியில் உட்கார்ந்து குடிப்பார். கப்பைக் காலியாகத் திருப்பித் தருவார்.

முதல் வாரத்திலேயே ஒரு கலவரம் நடந்தது. மாமா குளியலறையிலிருந்து வெளிறிய முகத்தோடு வந்து, சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்றார். நான்தான் இருவரையும் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சோதித்துவிட்டு, "அங்கிள், பீட்ரூட் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டார். சிலருக்கு அப்படிச் சாயம் இறங்கும், பயம் ஒன்றும் இல்லை என்றார். திரும்பும் வழியில் அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவும் சிரித்தார். அன்று காரில் இருந்த நிம்மதியை நான் பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். அன்று டாக்டர் சொன்னது முழு உண்மை.

அதன் பிறகு பல மாதம் ஒன்றும் இல்லை. ஜூஸ் நடந்துகொண்டிருந்தது. ரத்த அழுத்தமும் சற்று இறங்கியிருந்தது. அது தன் கை வேலை என்று அத்தை நம்பினார். ஒரு காலை மாமா குளியலறையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டு வந்தார். பின்னால் போன அத்தை கழிப்பறைக் கோப்பையில் சிவப்பைப் பார்த்தார். வெளியே வந்து, "என்னாங்க, மறுபடியும் செவப்பா போகுதா?" என்று கேட்டார். மாமா வாயெடுத்தார். அவர் முகத்தைப் பார்த்த அத்தை தானே பதிலும் சொல்லிவிட்டார்: "அது பீட்ரூட்தான். பயப்படாதீங்க. டாக்டர்தான் சொன்னாரே." மாமா தலையை ஆட்டினார். இதை அத்தை என்னிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையே கதைபோலச் சொன்னார். நானும் சிரித்தேன். மாமா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆறேழு மாதம் மாமா மெலிந்துகொண்டே வந்தார். ஜூஸ் குடிப்பதால் கொழுப்புக் கரைகிறது என்றார் அத்தை. பார்க்க நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் காலை சிறுநீரே போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். அவசரப் பிரிவில் குழாய் போட்டபோது வந்ததைப் பார்த்த எவரும் அதைக் கிழங்கின் சாயம் என்று சொல்லமாட்டார்கள். கட்டி கட்டியாக வந்தது. சிறுநீர்ப்பையில் புற்று. சதைக்குள் இறங்கிவிட்டது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது வருவதுண்டு என்றார்கள். அந்த வார்த்தை அத்தை காதில் ஏறவே இல்லை. அவர் காதில் ஏறியது வேறு.

கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஓர் இளம் மலாய் டாக்டர், எவ்வளவு காலமாக ரத்தம் போகிறது என்று கேட்டார். அத்தை மலாயில் நன்றாகப் பேசுவார். போன வருடமே சிவப்பைப் பார்த்தேன், பீட்ரூட் என்று நினைத்தேன் என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கெனாப்பா லம்பாட் சங்காட், மாக் சிக்?" என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று. கடிந்து சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். அப்போதே வந்திருந்தால் நிறைய செய்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அத்தை தன் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் அன்று காலைப் பீட்ரூட்டின் சிவப்பு இன்னும் இருந்தது. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மாமா இருந்தார். அவர் சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அன்று சாயங்காலம் வீட்டில் மிச்சமிருந்த கிழங்குகளை அத்தை குப்பையில் போட்டார். பின்புறம் இருந்த பெயிண்டு டின்னைக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் அவரிடமிருந்து வந்தது ஒரே பேச்சுதான். "எல்லாம் என்னாலதான். ரத்தத்தைப் பார்த்துட்டு பீட்ரூட்டுன்னு சொல்லிட்டேன். நாள் முழுக்க ஓட்டை கண்டுபுடிச்ச கண்ணு இது. வீட்டுல இருந்த ஒண்ணைப் பார்க்கல." வந்தவர்கள் சமாதானம் சொல்வார்கள். மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். களைப்பு என்று நாங்கள் நினைத்தோம்.

சிகிச்சைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையாயிற்று. கிள்ளானிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போவோம். எந்த லோரி எந்தக் கம்பெனியுடையது, ஓட்டுகிறவன் கைதேர்ந்த ஆளா அரைகுறையா என்று மாமா சொல்லிக்கொண்டே வருவார். அத்தையும் கூடவே வருவார். ஒரு முறை மூட்டு வீங்கி அவரால் எழ முடியவில்லை. அன்று நாங்கள் இருவர் மட்டும் போனோம். முடிந்ததும் மாமா, "மாப்ள, பிரிக்பீல்ட்ஸ் போவோமா? வாழை இலைல சாப்பிட்டு நாளாச்சு" என்றார். வாய்க்கு ருசியே இல்லாமல் இருந்தவர் கேட்கிறாரே என்று சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

மதியக் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. கால் நீட்டி உட்கார வசதியாக மூலை மேசை கிடைத்தது. இலை விரித்துச் சோறு போட்டார்கள். காய்கறி வாளிகளோடு வந்த பையன் வெள்ளரிக்காயை வைத்தான், முட்டைக்கோஸ் வைத்தான், மூன்றாவது வாளியில் கரண்டியை விட்டபடி, "அங்கிள், பீட்ரூட் வெக்கவா?" என்று கேட்டான். நான் வேண்டாம் என்று சைகை காட்டுவதற்குள் மாமா, "வெய்யி" என்றார். அவன் வைத்துவிட்டுப் போய்விட்டான். மாமா சோற்றால் வரப்பு கட்டவில்லை. சிவப்பு மெல்ல வந்து சோற்றில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, எதிர் மேசைக்குச் சொல்வதுபோல, "நான் குடிக்கவே இல்ல மாப்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எதை மாமா?"

"ஜூஸை. மொத ரெண்டு வாரம் குடிச்சேன். அந்த மண்ணு வாடை எனக்கு ஒத்துக்கல. அவ அரைச்சி, புழிஞ்சி, கையெல்லாம் செவப்பா கொண்டாந்து குடுக்குறா. எப்படி வேணாம்னு சொல்றது? பின்னாடி லோங்காங்குல ஊத்திட்டு பைப்பைத் தொறந்து விட்டுருவேன். தினமும்."

பின்வாசலுக்கு எதிரே ஓடும் சாக்கடை என் கண்முன் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் சொன்னதன் மறுபாதி எனக்கு உறைத்தது. கழிப்பறையில் அத்தை சிவப்பைப் பார்த்தபோது மாமா பீட்ரூட் குடித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." அவர் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை போயிருச்சு. கூட லோரி ஓட்டுனான் ஒருத்தன். இதே மாதிரிதான் ஆசுபத்திரிக்குப் போனான். வயித்துல ஓட்டை போட்டு பையைக் கட்டி அனுப்புனாங்க. அதைப் பார்த்தவன் நான். தானா நின்னுரும்னு நெனைச்சேன். அன்னிக்கு அவ வந்து கேட்டப்போ சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவளே பீட்ரூட்டுன்னுட்டா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அதையே புடிச்சிக்கிட்டேன்."

"அத்தைகிட்ட சொல்லுங்க மாமா. பாவம், தன்னாலதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் சொல்லிரலாம்னுதான் பார்க்குறேன். ஜூஸை ஊத்துனேன்னு சொல்லணும். ரத்தம்னு தெரியும்னு சொல்லணும். அந்த டாக்டர் முன்னாடி அவளை மாட்டிவிட்டு உக்காந்திருந்தேன்னு சொல்லணும். மூணையும் ஒண்ணா சொல்ல எனக்கு வாய் வரல மாப்ள." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நானே சொல்லுவேன். நீ சொல்லாதே. என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போகணும்."

சரி என்று தலையாட்டினேன். அவர் இலையை மூடினார். அதிகம் சாப்பிட்டிருக்கவில்லை. வீடு வரும்வரை எந்த லோரியைப் பற்றியும் அவர் பேசவில்லை.

அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் உள்ளே நுழைந்ததும் முதலில் அத்தையின் முகத்தைப் பார்ப்பேன். அதில் மாற்றம் எதுவும் இருக்காது. பிறகு மாமாவைப் பார்ப்பேன். அவர் என் பார்வையைத் தவிர்ப்பார். போகப் போக என் வருகையே அவருக்குத் தொந்தரவாகிவிட்டது என்று தெரிந்தது. நான் தாமதமாக வர ஆரம்பித்தேன். சில வாரம் வராமலே இருந்தேன். அத்தை தொலைபேசியில், "தம்பி, மாமா தேடுறாரு" என்பார். அவர் தேடியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தீபாவளியை மாமா பார்த்தார். அடுத்ததைப் பார்க்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். என்னாலதான். பீட்ரூட்டுன்னு சொல்லிட்டேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் ஒரு கட்டத்தில் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா அப்போவே என்கிட்ட ஒரு போன் பண்ணல?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அத்தை அதற்கும் தலையை ஆட்டினார். நான் அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் பூமாலைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். மாமா குடிக்கவே இல்லை அத்தே. அது என் நாக்கில் இருந்தது. அவரை வைத்துக்கொண்டே எப்படி அவரைப் பற்றிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

காரியம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு மனம் ஆறட்டும் என்று இருந்தேன். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனை வந்த நாளில்தான், பிரிக்பீல்ட்ஸ் கடையில் மாமா சொன்னது எனக்கு உள்ளபடி விளங்கியது. ஒன்றைச் சொல்லாமல் விட்டால், சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. வாரத்துக்கு வாரம் அது கனத்துக்கொண்டே போகிறது. மாமாவைக் கோழை என்று மனதுக்குள் திட்டியவன், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அத்தை சோறு போட, நான் சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் போயிருக்கும். அத்தையின் கண் மங்கிக்கொண்டு வந்தது. அரிசியில் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, சின்ன அறுவைச் சிகிச்சைதான் என்றார்கள். மகன் பணம் அனுப்பினான், நாள் குறித்தான். அத்தை மாட்டேன் என்றுவிட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மகன், "நீ பேசிப் பாருடா, நீ சொன்னா கேட்பாங்க" என்று என்னை அனுப்பினான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். அத்தை சமையலறை மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மிக அருகில் வைத்து உரித்தார். ஆப்பரேஷனைப் பற்றி எடுத்ததும் சிரித்தார்.

"எதுக்குத் தம்பி? பார்க்க வேண்டிய நேரத்துல இந்தக் கண்ணு என்னத்தைப் பார்த்துச்சு? மங்குனா மங்கட்டும். இந்தக் கண்ணுக்கு இவ்வளவு போதும்."

கோபமோ அழுகையோ இல்லாமல், தனக்கு உரிய தண்டனையை வாங்கிக்கொள்கிறவர் போலச் சொன்னார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் கடை, இலை, லோங்காங், லோரி ஓட்டிய நண்பன், மாமாவுக்கு எப்போது தெரியும், தானே சொல்வதாக அவர் சொன்னது, நான் இத்தனை நாள் வாய் திறக்காதது. ஒன்றையும் விடாமல், மாற்றாமல் சொன்னேன். அத்தையின் கை வெங்காயத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

"காலையில பின்னாடி பைப் தொறக்குற சத்தம் கேட்கும்" என்றார். "கப்பைக் கழுவுறாருன்னு நெனைச்சேன். ஒரு நாளும் ஒரு தட்டைக் கழுவாத மனுசன், நான் குடுக்குற கப்பை மட்டும் தானே கழுவி வெக்கிறாரேன்னு சந்தோசப்பட்டேன்."

நான் அழுதுவிட்டேன். "மன்னிச்சிருங்க அத்தே. அப்போவே சொல்லியிருக்கணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெங்காயத்தை வைத்துவிட்டுக் கைகளைக் கழுவினார். துடைத்தார். பின்வாசல் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் படியில் நின்றார். மாமா உட்காரும் படி. திரும்பி வந்தபோது அவர் குரல் தொழிற்சாலையில் ஆட்களிடம் பேசும் குரல் போலச் சீராக இருந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. மகனுக்குத் தெரிய வேணாம். அவன் அப்பா அவனுக்கு வேணும்." பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். "ஆப்பரேஷனுக்கு என்னைக்குன்னு சொன்னாங்க? எழுதிக் குடுத்துட்டுப் போ."

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்று அத்தை முதலில் சொன்னது, என் சட்டைக் காலரில் நூல் பிரிந்திருக்கிறது என்பதுதான். காரில் வரும்போது சாலையோரப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். நான் நினைத்தேன், ஒரு பாரம் இறங்கிவிட்டது என்று. அவருடையதும் என்னுடையதும். இனி அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வராது என்று நம்பினேன்.

அந்த வருடம் மாமாவின் திதிக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். படையல் முடிந்து கூடத்தில் தட்டுகளோடு உட்கார்ந்தோம். மாமாவின் தங்கை ஒருவர் நெடுநாள் கழித்து வந்தவர், படத்தைப் பார்த்துக் கண் கலங்கி, "அண்ணன் இன்னும் பத்து வருசம் இருந்திருக்க வேண்டிய ஆளு. கடைசி வரைக்கும் யாருக்குமே தெரியாம போச்சா அண்ணி?" என்று கேட்டார்.

அத்தை ரச வாளியோடு நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து அதே வார்த்தைகள், அதே வரிசையில் வந்தன.

"எல்லாம் என்னாலதான். ரத்தத்தைப் பார்த்துட்டு பீட்ரூட்டுன்னு சொல்லிட்டேன்."

"அம்மா, விடுங்கம்மா" என்று மகன் எழுந்து அவர் தோளைப் பிடித்தான். "எத்தனை தடவைதான் சொல்லுவீங்க?" இப்போது அவன் குரலில் பழைய கோபம் இல்லை. நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு, அண்ணன் ஒரு சொல் பொய் பேசமாட்டார், தங்கமான மனுசன் என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். மகனின் தோளுக்கு மேலாக அத்தை என்னைப் பார்த்தார். புரை நீங்கிய கண். அதில் மங்கல் எதுவும் இல்லை.

"தம்பி, உனக்கு ரசம் வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்திருந்தது. ஆனாலும் தட்டை நீட்டினேன்.